வெளியில் இல்லாத வகுப்பு

இன்று பரந்தனில் என் ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டக் கொடுத்த கடையில் வேலைக்கு நின்றவர், நான் சிறையில் எடுக்கும் கோப வகுப்பில் ஆறு மாதம் இருந்தவர். போன மாதம்தான் விடுதலையானார்.

உள்ளே படித்தவர்களை வெளியில் கண்டால் நாங்களாகக் கதைப்பதில்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஊருக்கே தெரியும். நான் சிரித்தால் அவருடைய வேலை போய்விடும். போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மிஸ், தெரியாத மாதிரி நிக்கிறியள்?" என்றார் அவரே.

முதலாளி நிமிர்ந்தார். "இந்தப் பிள்ளையை உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் உள்ளுக்க இருக்கேக்க மிஸ்தான் வகுப்பு எடுத்தவா. கோவம் வந்தா கை ஓங்காமல் வெளியில போய் நிக்கச் சொல்லித் தந்தவா."

அவர் சிறையில் இருந்தது முதலாளிக்கு இதுவரை தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நேற்று சில்லு ஒட்ட வந்த அந்தாள் உன்னைத் தூசணத்தால ஏசேக்க, நீ ரோட்டில போய் நிண்டது அதுக்கோ? நான் வேலைக்கள்ளன் எண்டெல்லோ நினைச்சன்!"

"ஓம் அண்ணை."

"சரி சரி, மிஸ்ஸின்ர சில்லைக் கழட்டு."

அவர் சில்லோடு பின்பக்கம் போனதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, என்ர மூத்தவனுக்கும் இது வேணும். மனுசிக்கு அடிக்கிறான். வெளியில எங்க படிப்பிக்கிறீங்கள்?"

எங்கேயும் இல்லை. மனைவியின் மண்டை உடைந்து, வழக்கு முடிந்து, ஆள் உள்ளே வந்த பிறகுதான் எங்கள் வகுப்பு. அதை ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது?

நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிறுகளில் வகுப்பு வைக்க ஓர் இடம் வேண்டும். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்களா? கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதிலும் உங்களுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறதுதானே.