எண்ணிச் சொல்லாத ஆசனங்கள்

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய காலத்தில், அடம்பன் கடைத்தெருவில் தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த ஒரு கொமினிக்கேசன் கடையில் உட்கார்ந்து, திங்கட்கிழமை காலைகளில் நான் கனடாவின் அரசியலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டம் பெற்றும் வேலையில்லை, ஆங்கிலம் தெரியும். அந்தப் பணிக்கு அவ்வளவும் போதுமாயிருந்தது.

கேட்க வருபவர் எங்கள் ஒழுங்கையில் தகரக் கொட்டிலில் மகளோடு இருந்த அக்கா. அவருடைய கணவர் கப்பலில் கனடா போய், அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தார். அப்படி வந்தவர்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் குடும்பத்தை அழைக்கப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும் என்ற சட்டமூலம் அங்கே நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. வாரத்தின் விடயங்களை வைத்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மோதும் தொலைக்காட்சி விவாதம் ஞாயிறன்று ஒளிபரப்பாகும். மறுநாள் இணையத்தில் கிடைக்கும். எண்ணெய்க் குழாய், ஓய்வூதிய வயது, அதன் பிறகே எங்கள் கப்பல். அக்கா எதையும் தவிர்க்காமல் கேட்பார்.

இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பிவந்து அந்தக் கடையை நடத்திய முஸ்லிம் நானா பின்னால் நின்று பார்ப்பார்.

"ஒருத்தன் பேசி முடிக்குமட்டும் மத்தவன் பாத்துக்கொண்டு இருக்கிறான். இதென்ன சண்டை? எங்கட ஆக்களை அனுப்பினால் ரெண்டு நாளில பழக்கி விடுவாங்கள்."

"பொறுங்கோ நானா, இப்பதான் என்ர மனிசன்ர கதை வருது" என்பார் அக்கா.

ஒரு திங்களன்று எதிர்க்கட்சி உறுப்பினரான ஒரு பெண், தகப்பன் முகமறியாது வளரும் பிள்ளைகளைப் பற்றி அமைச்சரின் முகத்துக்கு நேரே பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் சூடு குறையாமல் தமிழில் சொன்னேன். அமைச்சரின் வறண்ட பதிலை ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

"அப்ப இந்தச் சட்டம் வராதோ, தங்கச்சி?"

"விடமாட்டினம் போலதான் கிடக்கு, அக்கா."

ஆளுங்கட்சியிடம் பாதிக்கு மேற்பட்ட ஆசனங்கள் இருந்தன. அது எனக்குத் தெரியும். விவாதத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா வேறொரு கணக்கில் நம்பினார். அமைச்சரை எதிரே வைத்து அப்படிப் பேசிவிட்டுப் பத்திரமாக வீடு போகக்கூடியவர் ஏற்கெனவே வென்றவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் அதற்கு வேறு விளக்கம் இருக்கவில்லை.

அந்த வாரம் வீட்டுத்திட்டப் பட்டியலோடு கிராம சேவையாளர் வந்தார். அக்காவின் பெயர் அதில் இருந்தது. "நாங்கள் போற ஆக்கள், ஐயா. இருக்கிற சனத்துக்குக் குடுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்திட்டு விலகிவிட்டார். இடம் அடுத்த ஒழுங்கைக் குடும்பமொன்றுக்குப் போனது.

எனக்கு இது தெரியவந்தது சட்டமூலம் நிறைவேறிய செய்தியை அவரிடம் சொன்ன நாளில்தான்.

"அவ்வளவு பேசினவ பிறகு என்ன செய்தவ?" என்று கேட்டார்.

"எதிர்த்து வாக்குப் போட எழும்பி நிண்டவ, அக்கா. ஆக்கள் போதாமப் போச்சு."

"அது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. பிழையான தகவலை நம்பி அவர் பட்டியலிலிருந்து விலகியதாக, அந்தத் தகவலைத் தந்தவள் நானே என்றும் குறிப்பிட்டு, பிரதேச செயலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். கொடுப்பதற்காக இருவரும் புறப்பட்டோம். வழியில் அடுத்த ஒழுங்கைக் காணியில் அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிந்திருந்தது. அந்த வீட்டுக்காரி கருங்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு போனவள், எங்களைக் கண்டு சிரித்தாள்.

அக்கா கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்தார். "அந்தக் கிடங்குக்க இறங்கி நிண்டு, இது என்ர எண்டு சொல்லட்டோ?"

அடுத்த பட்டியலில் பெயர் வரும் என்று கிராம சேவையாளர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. அந்த மாரியையும் அக்காவும் மகளும் தகரத்தின் கீழேயே கழித்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லையும் நான் பிழையாகச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறுதலாக இருந்ததில்லை.

கடிதத்தைத் திருப்பித் தந்ததற்கு அடுத்த திங்களன்று அவர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல தலையை எண்ணிச் சொல்லுங்கோ, தங்கச்சி. பேச்சைப் பிறகு கேப்பம்."

கட்சி கட்சியாக எண்ணிச் சொன்னேன். பின்னால் நின்ற நானா காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.