முதல் பஸ்ஸுக்குக் குத்திய பட்டு ‘பேட்ஜு’

முள்ளிப்பட்டுக்கு முதன்முதலாகப் பேருந்து வந்த நாளை நினைத்தால், நெஞ்சில் சுருக்கென்று குத்திய ஒரு குண்டூசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் வரவேற்புரை வாசிக்க வேண்டியிருந்ததால், ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுத்தது போலவே எனக்கும், சிவப்பு சாட்டின் ரிப்பனில் ‘வரவேற்புக் குழு’ என்று எழுதிய வட்ட அட்டை ஒட்டிய ‘பேட்ஜு’ ஒன்றைத் தலைமையாசிரியர் முந்தின நாள் மாலையே தந்திருந்தார்; அதைக் குத்தியவர்கள் மட்டும்தான் ஆரணி வரை முதல் நடை போகலாம் என்பது ஏற்பாடு.

நெய்த புடவையைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருஷக்கணக்காக ஆரணிக்கு நடந்தே போய்வந்த அம்மா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நடந்து நடந்து தேஞ்சது எங்க காலு. மொத நடையில ஏறிகினு போறது மட்டும் அவங்களா?”

வீட்டில் கிடந்த ஜரிகை வைத்த பட்டுத் துண்டை மடித்துத் தைத்தாள். அட்டையை வட்டமாக வெட்டி என் முன்னால் வைத்து, “எய்துடா கண்ணு” என்றாள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாருக்குத் தெரிந்தால் தோலை உரிப்பாரே என்று பயந்துகொண்டே எழுதி முடிப்பதற்குள், பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா இன்னொரு துண்டோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது.

மறுநாள் மேளம் முழங்க, மாலை போட்ட பேருந்தின் முன்னால் ரிப்பன் வெட்டினார்கள். வரவேற்புரையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத் திரும்பினால், பளபளவென்று பட்டு பேட்ஜு குத்திய பெண்கள் படி வரை வரிசையாக நிற்கிறார்கள்!

“இன்னாம்மா, இத யாரு குடுத்தது?” என்று கண்டக்டர் வழிமறித்தார்.

“அவங்களுது சாட்டினு, எங்களுது அசல் பட்டு. நீங்களே சொல்லுங்க, எது ஒசத்தி?” என்றாள் அம்மா.

“எய்தி குடுத்ததுகூட உங்க பள்ளிக்கூடத்து புள்ளதான் சார்” என்று கன்னியம்மா அக்கா தலைமையாசிரியரிடம் என்னைக் கைகாட்ட, நான் மேளக்காரர் முதுகுக்குப் பின்னால் நழுவினேன். அவர் முறைத்தார். ஊராட்சித் தலைவரோ தம் மார்பிலிருந்த சாட்டினைப் பார்த்தார், அம்மாவின் ஜரிகையைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“ஜல்தி ஏத்திக்கப்பா! இவங்கள வுட்டுட்டு போனா நாளைக்கு யாரு ஏறுவா உன் பஸ்ல?”

அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஆரணி வந்ததும், “அதுக்குள்ளயா வந்துட்ச்சி?” என்று ஏமாந்துபோய்க் கேட்டாள். இறங்கிய பெண்களில் ஒருவருக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. கடைத்தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே பேருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

இன்று அந்தத் தடத்தில் பேருந்துக்குக் குறைவில்லை. அம்மாவும் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறாள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஆரணியில் ஏதோ ஓர் அவசரம். போய்வருவதற்காகவே போய்வந்த அப்படியொரு கூட்டத்தை மட்டும் அதன்பிறகு நான் பார்க்கவேயில்லை.