பெட்ரோல் டாங்க் மூடி

மரக்காணத்துல காரு நின்னுபோனா எங்களுக்கு ஒரே பேச்சுதான்: உப்பு. எழுபதுகள்ல பாண்டி ரோட்டோரம் ரிப்பேர் ஷெட் வச்சிருந்தேன். எதிர்லயே உப்பளம். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் தூக்கினதும் என் கை பாயிண்ட்டைத்தான் தேடும். ஸ்பார்க் குடுக்கற அந்த ரெண்டு முனையும் உப்புக் காத்துல பூத்துப்போயிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கிளம்பிடும். முக்கால்வாசி அதுதான்.

அன்னிக்குப் பகல்ல ஒரு வாடகைக் கார் ஷெட்டாண்ட வந்து நின்னுபோச்சு. பின் சீட்ல எட்டு மாசக் கர்ப்பிணி. வலிப்பு வந்து வந்து போவுது. உப்பு வாருற புருஷன் அவ தலையை மடியில வச்சிருந்தான். "பாண்டி ஆஸ்பத்திரிக்குண்ணே, சீக்கிரம் பாருங்க"ன்னான். பாயிண்ட்டைத் தேய்ச்சேன். செல்ஃப் அடிச்சதும் உறுமுச்சு. "பார்த்தியா, உப்புதான்"னு டிரைவர்கிட்ட பெருமையடிச்சேன். அவ்ளோ திமிரு எனக்கு.

ரெண்டு மைல்ல மறுபடி நின்னுச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னான். சைக்கிளை எடுத்துக்கிட்டு தலைதெறிக்கப் போனேன். மறுபடியும் பாயிண்ட், பிளக். கிளம்புச்சு. நானும் ஏறிக்கிட்டேன். திரும்பவும் நின்னுச்சு! அப்பதான் கார்புரேட்டர் பைப்பைக் கழட்டிப் பார்த்தேன். பெட்ரோல் ஒரு சொட்டு வரல. அடப்பாவி, முதல்லயே பார்த்திருக்க வேண்டியது. ஓடிப்போய் டாங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு.

மூடியில சின்ன ஓட்டை உண்டு. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். அந்த ஓட்டையை சைக்கிள் டியூப் துண்டு வச்சு அடைச்சிருந்துச்சு. அடைச்சவன் நான்தான். முந்தின நாள் இதே வண்டி ஷெட்டுக்கு வந்திருந்தப்போ, உப்புப் பனி உள்ள இறங்கக் கூடாதுன்னு, டிரைவர் கேட்காமலே செஞ்ச உபகாரம். நின்ன நேரத்துல கொஞ்சம் காத்து கசிஞ்சு ஏறினதாலதான் வண்டி கிளம்பியிருக்கு. நான் தேய்ச்சதால இல்ல. டிரைவர் என்னைப் பார்த்தான்.

டியூபைப் பிச்செறிஞ்சேன். அப்புறம் வண்டி நிக்காம ஓடுச்சு. பாண்டி கிட்ட வந்து, பொம்மையார்பாளையம் தாண்டறப்போ அவளுக்கு மூச்சு நின்னுபோச்சு. முன் சீட்ல உக்காந்து நான் வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிஞ்சதும் புருஷன் ஷெட்டுக்கு வந்து கும்பிட்டான். "யாரோ எவரோ, எங்களுக்காக வெயில்ல அவ்ளோ பாடுபட்டீங்கண்ணே"ன்னான். சொல்லிடுடா, சொல்லிடுடான்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. "உக்காருப்பா"ன்னேன். டீ வாங்கிக் குடுத்தேன். அவன் சாகற வரைக்கும் என்னை நல்லவன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தான்.