வெண்ணெய் நிறச் சீட்டும் என் மஞ்சள் கயிறும்

அடுத்தவர் காருக்குள் உட்கார்ந்து துடைக்கிற வேலையில், அந்தக் காரின் சொகுசு என்னவென்று சொந்தக்காரருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், அதைவிடச் சீக்கிரம் பயம் வந்துவிடும்.

ஈப்போவில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரிலேயே சலீம் பாய் கடை. கார்களின் உள்பக்கத்தை மட்டும் சுத்தம் பண்ணுகிற கடை. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் கோலாலம்பூரில். மத்தியானம் ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வர விடுகிற முதலாளி வேறு எங்கே கிடைப்பார்? ஆனால் சேர்ந்த அன்றைக்கே பாய் ஒன்று சொல்லிவிட்டார்: "அக்கா, மத்தது எல்லாம் பொறுத்துக்குவேன். பெரிய கார் சீட்ல கறை பட்டுச்சுன்னா மட்டும் ஆள வெச்சிக்க முடியாது லா."

கதவு சாத்தினால்

முதல் மாதம் ஒரு பெரிய கார் வந்தது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். ரோட்டில் போகிற லாரிச் சத்தம், பக்கத்துப் பட்டறைச் சுத்தியல் சத்தம், எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. சாமி அறையில்கூட அவ்வளவு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. சொகுசு என்றால் முதலில் இதுதான் என்று நினைத்தேன்.

துடைத்து முடித்து இறங்கப் பார்த்தால் கதவில் கைப்பிடி இல்லை. தடவித் தடவிப் பார்க்கிறேன், வழுவழுவென்று மரமும் தோலும்தான். கண்ணாடியைத் தட்டினேன், கூப்பிட்டேன், யாரும் திரும்பவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பாய் வந்து வெளியிலிருந்து திறந்தார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டிச் சொன்னார்: "பத்து நிமிசமா வாய அசைக்கிறீங்களே, மந்திரம் சொல்றீங்கன்னு நினைச்சேன்க்கா."

கூரையில் ஓட்டை

இன்னொரு காரில் கூரைத் துணியை மெல்லிய பிரஷால் தட்டிக்கொண்டிருந்தேன். வெல்வெட் மாதிரி கறுப்புத் துணி. கிட்டத்தில் பார்த்தால் ஊசி குத்தினதுபோல நூற்றுக்கணக்கில் ஓட்டை. பிரஷ் முடிதான் குத்திவிட்டதென்று பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். போச்சு, இந்த வேலை போனால் மத்தியானம் வீட்டுக்காரருக்கு ஊட்டிவிட்டு வர வேறு எந்த முதலாளி விடுவார் என்பதுதான் முதலில் மனசில் வந்தது.

சொந்தக்காரர் தைப்பிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அண்ணன். அவர் வந்ததும் நானே போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பொட்டு வெளிச்சம். "எங்க ஊர்ல எப்பப் பார்த்தாலும் மழை, வானத்துல நட்சத்திரம் எங்க தெரியுது? அதான் உள்ளுக்குள்ள போட்டுக்கிட்டேன் தங்கச்சி."

வெள்ளிக்கிழமை

என்னைப் போல அடுத்தவர் பொருளைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். அன்று காலையில் வீட்டுக்காரர் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டு தாலிக்கயிற்றைப் புதுசாக மாற்றினேன். பச்சை மஞ்சள் அரைத்துத் தோய்த்த கயிறு, வெள்ளிதோறும் அதற்கு மஞ்சள் பூசுவேன். கடைக்கு வந்தால் ஒரு டாக்டரம்மாவின் கார், சீட்டெல்லாம் வெண்ணெய் நிறத் தோல். கிரீம் போட்டுத் துடைத்தபின் வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும், பிசுக்கு இருந்தால் கைக்குத்தான் தெரியும். நன்றாகக் குனிந்து தடவினேன். நிமிர்ந்தால் ஓட்டுநர் சீட்டில் ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கோடு. வேர்வையில் நனைந்த கயிறு சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

கிரீம் போட்டேன், சோப்புத் தண்ணீர் போட்டேன், அசையவில்லை. துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் போட்டால் வெளுக்கும். பாயிடம் காரை வெயிலில் விடச் சொன்னேன். "தோல் சீட்ட யாராச்சும் வெயில்ல காய வைப்பாங்களாக்கா?" என்றார். பொய் வரவில்லை, கயிற்றைக் காட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரை எடுத்து வெளியே விட்டார்.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது கவனம் தப்பி வீட்டுக்காரர் கன்னத்தில் கொட்டிவிட்டேன். ஜன்னல் வழியாக மலைப்பக்கம் மேகம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தூறல், கார் உள்ளே வந்துவிட்டது. கோடு வெளுத்திருந்தது, போகவில்லை.

டாக்டரம்மா வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவர் குனிந்து பார்த்து, விரலால் தேய்த்து, பாயிடம் மட்டும் பேசினார்: "அடுத்த தடவ என் காருக்கு வேற ஆளப் போடுங்க." கார் போய்விட்டது.

நான் துணிகளை மடித்து வைத்துவிட்டு, வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பாய் மறுநாள் வரப்போகிற கார்களின் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "இனிமே வெள்ளிக்கிழமையில கறுப்புச் சீட்டு கார்தான் உங்களுக்கு, அக்கா."

காருக்குள் சொகுசு என்றால் என்னவென்று யாராவது கேட்டால், உட்காருகிறவருக்கு மெத்தை, துடைக்கிறவருக்கு நெஞ்சடைப்பு என்றுதான் நான் சொல்வேன்.