தை பிறக்கட்டும் என்றேன்

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில், எங்கள் பழைய வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, என் கணவருக்குக் குளிக்கப் போவதே மலையேற்றம். பாதிப் படியில் உட்கார்ந்து, "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கறேன்மா" என்பார். மாடியில்லாத வீடு, உட்கார்ந்து குளிக்க ஒரு ஷவர். அவர் கேட்டது அவ்வளவுதான்.

தேடி அலைந்து ஒன்று கிடைத்தது. பழையதை விற்கும்வரை காத்திருந்தால் கை நழுவிவிடும் என்று கடன் வாங்கி முடித்தோம். கையெழுத்துப் போட்டது கார்த்திகை கடைசி நாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர், "இப்பவே போய் பால் காய்ச்சிடலாமா?" என்றார்.

"இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு மார்கழி. தை பிறக்கட்டும்."

"ஜனவரி ஒண்ணாந்தேதி எந்த வீட்ல குடியிருக்கோமோ அதுக்குத்தான் வீட்டு டாக்ஸ்ல சலுகை. விக்கப்போற வீட்டுக்கு எதுக்கு அது? புது வீட்டுக்கு முழு டாக்ஸ் தீட்டிடுவான்."

"தீட்டட்டும். மார்கழில யாராவது வீடு மாறுவாங்களா?"

"சாமிக்கு மார்கழி தெரியும். டாக்ஸ் ஆபீஸுக்குத் தெரியாதே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருஷம் ஒரு காரியம்கூட நாள் பார்க்காமல் செய்ததில்லை, இந்த மனுஷருக்கு என்ன அவசரம் என்று அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் விட்டுவிட்டார். என்னிடம் வாதாடி ஜெயித்த வழக்கம் அவருக்கு இல்லை.

புது வீடு பூட்டியே கிடந்தது. அவர்தான் ஒரு நாள் என்னை வண்டி ஓட்டச் சொல்லிப் போய், ஷவரில் தனக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

தை பிறக்க ஆறு நாள் இருந்தது. காலையில் குளிக்கப் படியேறியவர் வழக்கம்போல் பாதியில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று வந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்தபடி போயிருந்தார்.

இதயம் நின்றுவிட்டது, எந்த வீட்டில் இருந்தாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். மகளும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்தப் படி அவர் ஏறியிருக்க வேண்டாத படி. அதை யார் சொல்லியும் என் மனசு கேட்கவில்லை.

அந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் வரி வந்தது. அவர் சொன்னபடியே புது வீட்டுக்குச் சலுகை இல்லை. மகள் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டாள். ஜனவரி ஒன்றாம் தேதி அங்கே யாரும் குடியிருக்கவில்லையே, என்னவென்று எழுதுவது? முழுசாகக் கட்டினேன்.

பழைய வீடு விற்றதும் சாமான் ஏற்றும் ஆட்கள் ஒரு செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தார்கள். காலண்டரில் அஷ்டமி என்று போட்டிருந்தது. சரி, வாருங்கள் என்றேன். துக்க வருஷம், பால் காய்ச்சவில்லை. உள்ளே போனதும் நேராக ஷவருக்குப் போனேன். நாற்காலியின் காலில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை.