அக்கா வரைந்த மரையும் லயத்துக் கூரைகளும்

எங்கள் அன்பு அக்கா டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் காம்பரா ஒன்றில் பிறந்தவர். கொழும்பில் வேலை பார்க்கும் நான், ஊர் கேட்பவர்களிடம் "ஹட்டன் டவுன்" என்றே சொல்லிவந்தேன். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அக்கா தோட்டப் பாடசாலையிலேயே சித்திர ஆசிரியையானார். வந்த வரன்களில் இரண்டு பேர், லயத்தை விட்டு வந்தால் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். அக்கா இருவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு விடுமுறையில் சக ஆசிரியைகள் இருவரோடு மேல்மலைக் காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கினார். விடியற்காலையில் ஒரு மரை மான் கன்றோடு ஓடைக்கு வந்திருக்கிறது. தோட்டத்தில் பன்றி இறங்கினால் நாம் தகரம் தட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் ஒரு டீச்சர் சட்டி மூடியை எடுத்துத் தட்டிவிட்டார். மரை ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, கன்று குடித்து முடிக்கும்வரை நின்றிருக்கிறது.

அதைத்தான் அக்கா வரைந்தார். மேலே காடு, ஓடை, மரையும் கன்றும். கீழே தேயிலைச் சரிவு, அதன் நடுவில் எங்கள் லயத்தின் தகரக் கூரைகள்.

நகரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு நானும் அக்காவுமாக அதைச் சுமந்துகொண்டு போனோம். பொறுப்பாளர் வெகுநேரம் ரசித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இது இயற்கைக் காட்சிங்க. அந்தக் கூரைங்கதான் கண்ண உறுத்துது. கொஞ்சம் பனிய எறக்கி விடுங்க, மூடிரும். முன் சுவத்துலயே மாட்டிருவோம்."

"பனி மூடினாலும் அடியில நாங்க இருக்கோமுங்க சார்" என்றார் அக்கா. "மிருகத்துக்கு எடம் இருக்கிற படத்துல எங்களுக்கு எடம் இல்லையா?"

படத்தைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறினோம். வழியில் நான்தான் சொன்னேன்: "ஒரு பூச்சுதானேக்கா, பூசியிருக்கலாம்ல?" நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. அக்கா கோபப்படவில்லை. "தகரம் தட்டுனதுக்கு அந்த மரையே ஓடல தம்பி. ஒரு ஆளு சொன்னாருன்னு நான் நம்ம வீட்ட அழிக்கணுமா?"

அந்தப் படம் அவரது வகுப்பறையில் மாட்டப்பட்டது. வயிற்றில் நோய் முற்றிய நாட்களிலும் அக்கா அதற்கு எதிரே நாற்காலி போட்டுப் பாடம் நடத்தினார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "அதுல யாரையும் கை வைக்க விடாத" என்று மட்டும் சொன்னார்.

வாகனம் ஏறாத எங்கள் பாதையில் அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய லயத்துச் சகோதரர்களுக்கும், கேட்கும் முன்பே வேன் அனுப்பிய, நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அவர் வீட்டம்மாவுக்கும், இரவு பகல் பாராத தாதியருக்கும், தங்கள் டீச்சருக்காக விரதமிருந்த பிள்ளைகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இந்த ஓராண்டு நினைவு மலரின் முன்னட்டையில் அக்கா வரைந்த அந்தப் படத்தையே போடக் கொடுத்தேன். கீழ்ப்பகுதியை வெட்டி, அங்கே அவர் பெயரைப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்கள் அச்சகத்தில். முடியாது என்றேன்.

அக்காவின் பெயர் பின்னட்டையில் இருக்கிறது. கூரைகள் முன்னட்டையில் இருக்கின்றன.