அண்ணன் கட்டிய சிட்-அவுட்

எங்கள் அண்ணன் மறைந்து இன்னும் பதினாறு நாள் ஆகவில்லை. அவருடைய நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ள எங்கள் காலனியில், அப்பா மண்சுவர் வைத்து ஓடு போட்ட வீட்டில்தான் அவர் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டு, புதிதாக எழும்பிய தொழிற்சாலைக்குச் செங்கல் சுமந்தார். பிறகு அதே தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் நிரந்தர வேலை கிடைத்தது. என்னைத் திருவள்ளூரில் தங்க வைத்து ஆசிரியர் பயிற்சி முடிக்க வைத்தவர் அவர்தான். குழந்தை இல்லாத அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் மகள்தான் குழந்தை.

அவரோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பக்கத்தவர்கள். கேண்டீனில் ஒரே பெஞ்சில் சாப்பிடுவார்கள், ஒரே பீடியை மாற்றிப் பிடிப்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார்கள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். “இன்னாப்பா, ரெடியா?” அவ்வளவுதான்.

அண்ணன் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். “ஊடு இருட்டா கீதுடா. வாசல்ல குனியணும். அவங்க எங்க வந்து குந்துவாங்க? வெளிய காத்தோட்டமா ஒரு எடம் போட்டுட்டா வந்து குந்துவாங்க, பாரு.” ஆபீசர் குவார்ட்டர்ஸில் அவர் பார்த்திருந்த சிட்-அவுட் மனதில் இருந்தது. காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

லீவு நாட்களில் அவரே கடைக்கால் தோண்டினார். இடுப்பளவு சுவர், சிவப்புச் சாயம் போட்ட சிமெண்ட் தரை, இரும்புக் குழாய்கள்மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பச்சை ஒயர் பின்னிய நாற்காலிகள், தொட்டியில் குரோட்டன்ஸ். பழைய ஓட்டு வீட்டுக்கு முன்னால் அது வேறு யாருடைய வீடோ போலத் தெரிந்தது.

அண்ணி கேலி செய்யாமல் விடவில்லை. “சிட்-அவுட்டோ கெட்-அவுட்டோ, மழைக்கு வெறகு அடுக்க எடமாச்சு.”

“வெறகு வச்சே, உன்னையும் சேத்து வெளிய அடுக்கிடுவேன்.”

“குந்த ஆளைக் கூட்டிக்கினு வாய்யா மொதல்ல. அப்புறம் அடுக்கு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரையும் அழைத்தார். வந்தார்கள். எங்கள் டம்ளரைத் தொடமாட்டார்கள் என்று கலர் சோடா வாங்கி வைத்திருந்தார். தரையைப் பாராட்டினார்கள். ஷீட் எங்கே எடுத்தது என்று விசாரித்தார்கள். “குந்துங்கப்பா” என்று அண்ணன் நாற்காலியை நகர்த்தினார். “இருக்கட்டும்பா, குந்துனா எழுந்திருக்க மனசு வராது” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தெருவில் நின்றே குடித்துவிட்டுப் பாட்டில்களைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

என் மகள் அப்போது சின்னவள். “பெயிண்ட் காயலியா பெரிப்பா? அதான் யாரும் குந்தலியா?”

“ஆமாம்மா, காயல” என்றார் அண்ணன்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணியும் பார்க்கவில்லை. யாரோ செய்ததற்கு எங்களுக்கு ஏன் அப்படிக் கூசியது என்று தெரியவில்லை. அந்தக் கூச்சம் போகவும் இல்லை. இப்போது மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தோழிகள் வீட்டுக்கு வழி கேட்டால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்தான் சொல்கிறாள். பள்ளியில் நூறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு, அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கடைசி நாட்களில் அண்ணனுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. காற்றுக்காகக் கட்டிலை சிட்-அவுட்டில் போட்டிருந்தோம். ஷிஃப்ட் ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

“என்னை உள்ள தூக்கிப் போடுடா.”

“உள்ள மூச்சு முட்டும்ண்ணே.”

“முட்டட்டும். பாக்கணும்னா உள்ள வந்து பாக்கட்டும்.”

தூக்கிக்கொண்டு போனோம். வந்தவர்கள் சிட்-அவுட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, “ஒடம்பப் பாத்துக்கப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்தார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். மறுநாள் விடிவதற்குள் அண்ணன் உயிர் பிரிந்தது. எடுக்கிற அன்று அந்த நண்பரும் மற்றவர்களோடு தெருவில்தான் நின்றார்.

அண்ணனுக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர், பந்தல் போட்ட காலனி இளைஞர்கள், தோள் கொடுத்த உறவினர்கள், மாலை வாங்கி அனுப்பிய தொழிற்சாலை நண்பர்கள், அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உள்ளே வந்த அந்த நண்பருக்குத் தனியாக நன்றி எழுத ஆசைப்பட்டு, போன வாரம் அவரிடமே கேட்டேன். “பேரு மட்டும் வேணாம் வாத்தியாரே” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பெயர் இல்லாமல் அவரை வணங்குகிறேன். இந்த நினைவு மலரை அவர் வீட்டுக்கு நான் எடுத்துப்போனாலும் தெருவில் நின்றுதான் கொடுக்க வேண்டும். என் மகளும் கூட வருவேன் என்கிறாள்.